ரீச்சரிடம் கேளுங்கள்: எரிச்சல் எங்கே, ஏச்சு யாருக்கு?

இந்த மாதக் கடிதங்களை மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் கடற்காற்று எழும்பிவிட்டால் கடதாசி எதுவும் கையில் நிற்காது. ஒவ்வொரு கடிதத்துக்கு மேலும் ஒரு மாங்காயை வைத்துத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். கடைசியில் மாங்காய் முடிந்துபோயிற்று, கடிதம் முடியவில்லை.

பாதிப் பேர் மேலே 'விரக்தி' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். உள்ளே போனால் 'விசர் வருகுது ரீச்சர்' என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. விரக்தி என்பது பழைய பொருளில் பற்று விட்டுப்போன நிலை, சாமிமார் தேடிப்போவது. விசர் வருகிறவருக்குப் பற்று எங்கே விட்டது? கேட்டது கிடைக்கவில்லை, வேண்டாம் என்று விடவும் மனமில்லை. அதனால்தானே விசர் வருகிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் நான் எரிச்சல் என்றே எழுதப்போகிறேன்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: நான் 33 வருடம் கணக்குப் படிப்பித்தவள், சுனாமிக்குப் பிறகு உளவளத்துணைப் பயிற்சி எடுத்தவள். டொக்டர் இல்லை. மருந்து கேட்டு எழுதாதீர்கள்.

*

கேள்வி: எனக்கு 28 வயது. பட்டம் முடித்து மூன்று வருடம். ஒரு பத்திரத்தில் என் பிறந்த திகதி பிழையாக விழுந்துவிட்டது, அதைத் திருத்தாமல் எந்த விண்ணப்பமும் போட ஏலாது. ஒரு அலுவலகத்துக்கு ஆறு தரம் போய்விட்டேன். ஒரு நாள் உத்தியோகத்தர் லீவு, ஒரு நாள் கோவை மேலே போயிருக்கிறது, மற்ற நாளெல்லாம் 'நாளைக்கு வாங்க தம்பி.' அங்கே நான் ஒரு சொல்லும் பேசுவதில்லை. 'சரி சேர்' என்றுவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் அம்மா, 'என்ன மனே, சரிவந்திச்சா?' என்று கேட்பா. அந்த ஒரு கேள்விக்குக் கத்திவிடுகிறேன். போன கிழமை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் நிலத்தைக் கூட்டினா. நான் கெட்டவனா ரீச்சர்?
— பெயர் வேண்டாம், வெல்லாவெளி

பதில்: மகன், என் கதை ஒன்றை முதலில் கேளுங்கள்.

நான் இளைப்பாறியபோது ஓய்வூதியக் கோவையில் என் பெயரின் முன்னெழுத்து மாறி விழுந்துவிட்டது. ஒரேயொரு எழுத்து. அதைத் திருத்த 14 மாதம் எடுத்தது. எந்த அலுவலகம் என்பதை விடுங்கள், அந்தக் கதிரைகளுக்கு என்னைத் தெரியும். அப்படி வெறுங்கையோடு திரும்பிய ஒரு மத்தியானம், பேத்தியின் பள்ளிக்கூடச் சட்டைக்கு விளிம்பு மடித்துத் தைக்க உட்கார்ந்தேன். மேலே பார்க்கத் தையல் நேராகத்தான் போயிற்று. துணியைத் திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரிக் குவிந்திருந்தது. அடி நூல் சுற்றியிருக்கிற பொபினைக் கழற்றித் துடைத்தேன். சின்னத் திருகாணியை இறுக்கினேன். நூலை அவிழ்த்து வேறு நூல் சுற்றினேன். நாலு தரம் செய்தேன், நாலு தரமும் கூடு. அந்த நேரம் பார்த்து இவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சீனி கூடிப்போயிற்று என்று நான் ஏசிய ஏச்சு பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், பக்கத்து வளவுத் தையல்காரப் பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவள் அடியைத் தொடவேயில்லை. மெசினில் துணியை அமத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கினாள், மேல் நூலை முழுதாக உருவினாள், முதலிலிருந்து கோத்தாள். அவ்வளவுதான், தையல் இரண்டு பக்கமும் பளிச்சென்று விழுந்தது. பாதம் இறங்கியிருக்கும்போது நூலைக் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு தட்டும் மூடியிருக்குமாம். நூல் அவற்றுக்கு இடையில் போய் உட்காராமல் மேலால் வழுகி ஓடும். பிடியில்லாத மேல் நூல்தான் அடியில் போய்க் குவிகிறது. 'அடியில கூடு கட்டினா மேல் நூலப் பாருங்க ரீச்சர். எல்லாரும் பொபினத்தான் ஏசுற' என்றாள்.

அன்றைக்கு என் பொபின் இவர். உங்கள் பொபின் உங்கள் அம்மா.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1939 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் டொலார்ட் என்பவரும் அவரோடு நான்கு பேரும் சேர்ந்து, போகிற வழியை மறித்தால் மனிதருக்கு ஆத்திரம் வரும், மறித்தவர்மேல் காட்டப் பயமென்றால் அது பயமில்லாத இடத்துக்குத் திரும்பும் என்று எழுதினார்கள். இரண்டே வருடத்தில் அந்த ஐவரில் ஒருவரான நீல் மில்லர் அதைத் திருத்தினார்: வழி மறிக்கப்பட்டவர் எல்லாரும் ஆத்திரப்படுவார்கள் என்றில்லை, பலவிதமாக நடக்கலாம், அதில் ஆத்திரமும் ஒன்று. எனக்கு இந்தத் திருத்தம்தான் பிடிக்கும். கத்துவது தலையெழுத்தில்லை என்று அர்த்தம். ஆனால் முதலில் சொன்னதும் பொய்யில்லை. 'சரி சேர்' என்று அங்கே விழுங்கியது எங்கேயாவது வெளிவரத்தான் பார்க்கும். அது அம்மாவைத் தேடி வருவதற்குக் காரணம், நீங்கள் என்ன செய்தாலும் அம்மா உங்களை வெளியே போ என்று சொல்லமாட்டா என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இப்போது மேல் நூலுக்கு வருவோம். ஆறு தரம் போனீர்கள், ஆறு தரமும் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கியிருக்கிறீர்கள். ஏழாம் தரம் கடிதத்தோடு போங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரச அலுவலகங்களில் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். 'இன்ன திகதியில் நான் கொடுத்த விண்ணப்பம் இப்போது யாரிடம், எந்தப் படியில் இருக்கிறது, இன்னும் என்ன கடதாசி குறைகிறது' என்று தமிழிலேயே எழுதி அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்குங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இதனால் பிறந்த திகதி அடுத்த நாளே திருந்திவிடாது. ஆனால் 'நாளைக்கு' என்பது கலண்டரில் வட்டம் போடக்கூடிய ஒரு நாளாக மாறும். என் 14 மாதத்தில் கடைசி இரண்டு மாதம்தான் வேலை நடந்தது. எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு.

அம்மாவின் விசயம். பஸ்ஸில் ஏறும்போதே போனில் சொல்லிவிடுங்கள்: 'இண்டைக்கும் சரிவரல்ல அம்மா. வந்து கொஞ்ச நேரத்துக்கு ஒண்டும் கேக்காதீங்க.' வாசலில் அந்தக் கேள்வி இருக்காது. இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் குளக்கட்டில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போனாலும் நல்லது. வயல் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு அந்த வசதியாவது இருக்கிறது.

கெட்டவனா என்று கேட்டீர்கள். நிலத்தை யார் கூட்டியது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், கெட்டவன் அதை எழுதமாட்டான். ஆனால் அடுத்த தரம் கோப்பை விழுந்தால் தும்புத்தடியை நீங்கள் எடுக்க வேண்டும்.

*

கேள்வி: கோபத்தை உள்ளே வைத்திருந்தால் வருத்தம் வரும், எதையாவது போட்டு உடைத்தால் ஆறிவிடும் என்கிறாள் என் மச்சாள். உடைப்பதற்கென்று பழைய கோப்பைகள் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். செய்யலாமா?
— ஏறாவூர் வாசகி

பதில்: கோப்பைகளை மச்சாளுக்கே கொடுத்துவிடுங்கள்.

2002 இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். மாணவர்கள் எழுதிய கட்டுரையை 'இதைவிட மோசமாக எழுத ஏலாது' என்ற மாதிரி இகழ வைத்து அவர்களைக் கோபப்படுத்தினார். பிறகு ஒரு பகுதியினரை, இகழ்ந்தவனையே நினைத்துக்கொண்டு குத்துச்சண்டை மூட்டையில் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மிச்சப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால் கோபம் ஆகக் கூடியிருந்தது அவனை நினைத்துக் குத்தியவர்களுக்கு. சும்மா இருந்தவர்கள்தான் அதிகம் ஆறியிருந்தார்கள். உடைக்கிற கை ஓய்ந்தாலும் நினைக்கிற மனம் ஓயாது, அதுதான் விசயம்.

உள்ளே பூட்டி வைக்கச் சொல்கிறேன் என்று எடுக்க வேண்டாம். யாரிடமாவது சொல்லுங்கள், ஒரு கொப்பியில் எழுதுங்கள். மச்சாளிடம் மட்டும் சொல்லாதீர்கள், இன்னொரு கோப்பையை நீட்டுவாள்.

*

கேள்வி: நான் ஆரையம்பதி, வேலை அம்பாறையில். காலையில் 6.10 க்கு வரவேண்டிய பஸ் சில நாள் 6.10 க்கு வரும், சில நாள் 6.50. பஸ்ஸில் இருக்கிற நேரம் எனக்குப் பிரச்சினையில்லை. அந்த நாற்பது நிமிடம் நிற்கிறபோதுதான் உடம்பெல்லாம் எரிகிறது. வேலைக்குப் போய்ச் சேரும்போதே நாள் முடிந்த மாதிரி இருக்கிறது. நின்று பழகியும் ஏன் இப்படி?
— ஒரு தாதி

பதில்: என்னுடைய முதல் நியமனம் மண்டூர்ப் பக்கம். களுவாஞ்சிகுடியில் இறங்கி, குருமண்வெளித் துறைக்குப் போய், அங்கே பாதை ஏற வேண்டும். (வெளியூர் வாசகருக்கு: பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு மட்டுமில்லை, ஆற்றைக் கடக்கிற தட்டைப் படகும் பாதைதான். சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூடை, ஆட்டுக்குட்டி, ரீச்சர்மார் எல்லாரும் அதில் ஏறலாம்.) பாதை அக்கரையில் நின்றால் அரை மணித்தியாலம் கூட நிற்க வேண்டி வரும். ஆனால் அந்த நிற்பில் எனக்கு எரிச்சல் வந்ததாக ஞாபகமில்லை. பல நாள் அந்த நேரத்தில் கொப்பி திருத்தியிருக்கிறேன்.

அப்போது எனக்குக் காரணம் விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. பாதை கண்ணுக்குத் தெரிந்தது. அக்கரையில் ஆள் ஏறுவது தெரியும், கரையை விட்டு வெளிக்கிடுவது தெரியும், நடு ஆற்றில் வருவது தெரியும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது என் கையில் இல்லாவிட்டாலும் என் கண்ணில் இருந்தது. உங்கள் பஸ் வளைவுக்கு அப்பால் இருக்கிறது. டேவிட் மைஸ்டர் என்பவர் வரிசையில் காத்திருப்பவர்களைப் பற்றி 1985 இல் எழுதியதும் இதுதான்: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பை விட நீளமாகத் தோன்றும். ஏன் என்று சொல்லாத காத்திருப்பும், காரணம் சொன்ன காத்திருப்பை விட நீளம். நீங்கள் நாற்பது நிமிடம் சும்மா நிற்கவில்லை மகள். 'இப்ப வரும், இப்ப வரும்' என்று ஒவ்வொரு நிமிடமும் எதிர்பார்த்து, ஒவ்வொரு நிமிடமும் ஏமாந்துகொண்டு நிற்கிறீர்கள். நாற்பது ஏமாற்றத்தைச் சுமந்துகொண்டு வாட்டுக்குப் போனால் களைக்கத்தானே செய்யும்.

ஆகவே பஸ்ஸைக் கண்ணுக்குத் தெரிய வைக்கப் பாருங்கள். அதே பஸ்ஸில் தினமும் போகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். ஒரு வட்ஸ்அப் குழு தொடங்குங்கள். முதல் தரிப்பிடத்தில் ஏறுகிறவர் 'வெளிக்கிட்டாச்சு' என்று ஒரு சொல் போட்டால் போதும், மற்ற ஒன்பது பேரும் வீட்டில் இருந்து இடியப்பத்தை ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஒரேயொரு நிபந்தனை: அந்தக் குழுவில் குட் மோர்னிங் பூப்படம் போடுகிறவரை உடனே வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதுவே புது எரிச்சல்.

*

கேள்வி: பிள்ளைகளின் வாப்பா ஐந்து ஏக்கர் வயல் செய்கிறார். இந்தப் பெரும்போகத்தில் அறுக்கிற நேரம் பார்த்து மழை. கதிரெல்லாம் படுத்துவிட்டது. அறுத்ததையும் ஈரநெல் என்று விலை குறைத்து எடுத்தார்கள். ஒரு மாதமாக வீட்டில் பேச்சு இல்லை. ராவைக்கு எழும்பி வாசலில் போய் இருக்கிறார். கோழி கத்தினாலும் ஏச்சு, பிள்ளை சிரித்தாலும் ஏச்சு. 'சபுர் செய்யுங்க' என்று சொன்னால் இன்னும் எரிந்து விழுகிறார். நான் என்ன சொல்வது?
— அக்கரைப்பற்று

பதில்: தங்கச்சி, கொஞ்ச நாளைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். சபுர் பெரிய விசயம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நட்டப்பட்டவர் காதில் அது 'நீ பொறுமை இல்லாதவன்' என்று போய் விழும். விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த மனிதருக்குப் பொறுமை இல்லை என்று யார் சொல்வது? வேறு தொழில் செய்கிற எங்களால் முடியுமா அது?

அவரை எரிக்கிறது நட்டம் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். மழையை அவர் நிறுத்த ஏலாது. விலையை அவர் சொல்ல ஏலாது. அறுவடை மெசின் எந்த நாள் வரும் என்பதும் அவர் கையில் இல்லை. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு பேர் 1972 இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ஆட்களை ஒரு அறையில் இருத்தி, எப்போது வரும் என்று தெரியாமல் பெரிய இரைச்சலைப் போட்டார்கள். சிலருக்கு ஒரு பொத்தானைக் காட்டி, 'தாங்க ஏலாவிட்டால் இதை அமத்துங்கள், சத்தம் நிற்கும். ஆனால் அமத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லம்' என்றார்கள். பொத்தான் இருந்தவர்கள் அநேகமாக அதைத் தொடவில்லை. கேட்ட இரைச்சல் எல்லாருக்கும் ஒன்றுதான். பிறகு விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தபோது, பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள்.

அவருக்கு இப்போது ஒரு பொத்தானும் இல்லை. வீட்டில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஆறுதல் வார்த்தைக்குப் பதிலாக, அவரே முடிவெடுக்க வேண்டிய, அவர் எடுத்தால் அன்றைக்கே நடக்கிற காரியம் ஏதாவது. சிறுபோகத்துக்கு எந்த நெல் விதைப்பது என்று கேட்காதீர்கள், அது புண்ணில் கை வைப்பது. கிணற்று மோட்டர், ஒழுகுகிற ஓடு, மூத்தவனுக்குச் சைக்கிள் பழக்குவது, இப்படிச் சின்னதாக. ஏசினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உம்மா வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எதிர்த்துப் பேசவும் வேண்டாம், பிள்ளைகளை அங்கேயே நிறுத்தி ஏச்சு வாங்க வைக்கவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குறைந்து, எதிலும் மனம் இல்லாமல் இருந்தால் அது எரிச்சலைத் தாண்டிய விசயம். நீங்கள் ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வைத்தியசாலையில் உளநலப் பிரிவு எங்கே என்று விசாரித்து அவரைக் கூட்டிப்போங்கள். வரமாட்டார் என்றால் முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள். 'நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லம்' என்ற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தினுடையது, இரவிலும் எடுப்பார்கள். வயல் மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு ஒருவர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். இதை வாசிக்கிற மற்ற வயல்காரக் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

கேள்வி: எனக்கு 67 வயது. வீச்சுவலை வீசிப் பிள்ளைகளைப் படிப்பித்த மனிசன் நான். இப்போது வங்கிக் காசு பார்ப்பதற்கு மகள் போனில் ஒன்றைப் போட்டுத் தந்திருக்கிறாள். ஓ.டி.பி. இலக்கம் வந்து, நான் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசிக்கிறதுக்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அன்றைக்கு ஆத்திரத்தில் ஏழு தரம் அமத்தினேன், எல்லாம் பூட்டிப்போச்சு. பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இந்தப் போனைத் திருக்கோவில் கடலில் எறியலாமா ரீச்சர்?
— திருக்கோவில்

பதில்: ஐயா, கடலில் ஏற்கெனவே போதுமான குப்பை கிடக்கிறது.

ஏழு தரம் அமத்தியதற்கு வெட்கப்பட வேண்டாம். இரண்டு பெட்டியிலும் சாப்பாடு கிடைத்துப் பழகிய எலிகளுக்கு, முதல் பெட்டியை வெறுமையாக வைத்தால் அவை இரண்டாம் பெட்டிக்கு முன்னைவிட வேகமாக ஓடும் என்று 1952 இல் ஏபிரம் அம்செல் என்பவரும் அவருடைய கூட்டாளியும் காட்டினார்கள். கிடைக்க வேண்டியது கிடைக்காவிட்டால் உடம்பில் ஒரு வேகம் கூடத்தான் செய்யும். எலிக்கு அது சரி. வங்கிக்கு அந்த வேகம் பிடிக்காது, யாரோ களவாக உள்ளே வரப் பார்க்கிறான் என்று பூட்டிவிடும்.

கண்ணாடியை முதலில் போடுங்கள், பிறகு போனை எடுங்கள். செய்ய வேண்டிய படிகளைப் பேரனைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அவன் வாயால் சொல்லலாம், போனில் கை வைக்கக் கூடாது. அவன் அமத்தினால் அவனுக்குத்தான் பழகும். இன்னொன்று, யாராவது அழைத்து 'நாங்கள் வங்கியிலிருந்து, அந்த இலக்கத்தைச் சொல்லுங்க' என்றால் சொல்லவே வேண்டாம். வங்கி அதைக் கேட்காது.

பேரன் சிரிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. அடுத்த லீவு நாளில் அவனை ஆற்றுக்குக் கூட்டிப்போய் வலையைக் கையில் கொடுங்கள். ஈயக்குண்டில் ஒரு பகுதியை எப்படித் தோளில் போடுவது, எங்கே பல்லால் கவ்வுவது என்று ஒரு தரம் மட்டும் காட்டிவிட்டு, விலகிக் கரையில் நில்லுங்கள். அவன் வீச்சில் வலை வட்டமாக விரியாமல் ஒரே கட்டியாகத் தண்ணீரில் விழும்போது நீங்களும் சிரிக்கலாம். ஒரே ஒரு தரம். பிறகு அவன் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுங்கள்.